வெர்லீன் விட்ட மீன்கள்

வெர்லீன் டைஸ் போன மார்ச் மாதம் இறந்துபோனாள். எங்கள் வளைகுடாக் கரையின் வாரப் பத்திரிகையில் அவள் படத்தைப் போட்டு, ஆயிரக்கணக்கான பெரிய மீன்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்த கை என்று எழுதியிருந்தார்கள். எழுதிய புண்ணியவான் ஜூலை மாதத்தில் ஒரு காலையாவது என் வீட்டுக் கரைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அவன் எழுதியதில் பாதி உண்மை. மறுபாதி வெர்லீனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் சாகும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தால் நன்றாக இருக்காது என்று இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நண்டுக் கொட்டகையில் வேலை பார்த்தோம். வேகவைத்த நண்டை உடைத்து, சதையை வழித்து டப்பாவில் போடும் வேலை. இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். என் புருஷன் ஹார்ட்லி முகத்தைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குக் குறையும் இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் நண்டு. சனி, ஞாயிறு மட்டும் அவள் புருஷன் நெவிட்டின் படகு. நெவிட் வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போட அழைத்துப் போவான். உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் பெரிய மீனுக்காகத்தான் அத்தனை பேரும் வருவார்கள். நாங்கள் அதை ராக் என்போம். நடுத்தர மீனை வைத்துக்கொள்ளலாம். இரண்டடிக்கு மேல் இருந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அவை முட்டைக்காரிகள், குலம் தழைக்க வேண்டுமே. பிடிப்பது வந்தவர்கள் வேலை, படகு ஓட்டுவது நெவிட் வேலை. விடுவது வெர்லீன் வேலை.

அதை வேலை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"வாரம் பூரா செத்ததையே தொட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன் ரீபா. மோந்து பாரு என் கைய. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சாலும் போகாது. என் கையிலேர்ந்து உசுரோட போறது ஒலகத்துலயே அது ஒண்ணுதான்டீ."

இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வளர்த்த நாயும் வண்டியில் அடிபட்டுச் செத்தது. அதனால் அவள் அப்படிச் சொல்லும்போது நான் கேலி செய்ய மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் செய்வேன்.

அவள் மீனை விடுகிற அழகைப் பார்க்கவே சிலர் வருடா வருடம் வந்தார்கள். படகின் பின்பக்கம் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுவாள். வந்தவன் படம் எடுக்கக் கெஞ்சினால், தன் மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் தூக்கிக் காட்டுவாள். அவளுக்கு மூச்சு முட்டினால் மீன் தண்ணீருக்குள் போய்விடும். படம் எடுத்தாயா இல்லையா என்பது உன் பாடு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா, கண்ண மூடிட்டேன்" என்பான் வந்தவன்.

"நீ மூச்ச அடக்கிப் பாரு, அப்புறம் பேசலாம்" என்பாள்.

பிறகு மீனின் கீழ்த்தாடையில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, "நெவிட், மெதுவா உருட்டு" என்பாள். படகு நகர நகர மீனின் செவுளில் தண்ணீர் ஓடும். ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடமும் ஆகும். கடைசியில் மீன் அவள் கட்டைவிரலைக் கடிக்கும். கடித்தால் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் விடுவாள். மீன் வாலை ஒரு வீசு வீசிவிட்டுக் கீழே போகும். படகில் எல்லோரும் கை தட்டுவார்கள். அவள் நோட்டை எடுத்து எழுதுவாள்.

நோட்டு எதற்கென்றால், விடுவதற்கு முன் ஒவ்வொரு பெரிய மீனின் முதுகிலும் ஒரு டேக் குத்துவாள். மண்புழு நீளத்துக்கு மஞ்சள் பிளாஸ்டிக் இழை, அதில் ஓர் எண்ணும் டேக் ஆபீஸ் விலாசமும் இருக்கும். பின்னால் எவனாவது அந்த மீனைப் பிடித்தாலோ கண்டெடுத்தாலோ எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். ஆபீஸிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வரும், உங்கள் மீன் இந்த ஊரில் இந்தத் தேதியில் கிடைத்தது என்று. நோட்டில் எண், நாள், நீளம் எல்லாம் இருக்கும். கடைசிக் கட்டத்தில் 'நல்லாப் போனா' என்று எழுதியிருப்பாள். எல்லா மீனும் அவளுக்குப் பெண்தான்.

சாமான் கடையில் வில்பர் என்று ஒருவன் எப்போதும் காபியோடு நிற்பான். வலைக்காரன். அவளைக் கண்டால் அவனுக்கு வாய் அரிக்கும்.

"வெர்லீன், நீ முத்தம் குடுத்து அனுப்பு. அது அடுத்த முனையத் தாண்டினதும் மல்லாந்துரும்."

"உன் வலையில விழுந்ததுல எது எழுந்து போச்சு வில்பர்? சொல்லேன், கேப்போம்."

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த அடுத்த முனையில்தான் என் வீடு இருக்கிறது.

கடல் வற்றும் இறக்கத்தில் தண்ணீர் நெவிட் தூண்டில் போடும் திட்டைச் சுற்றிக்கொண்டு நேராக என் கரைக்குத்தான் வரும். மிதக்கிற எதுவும் என் மணலில் ஏறும். ஒரு ஜூலை மாதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அங்கே ஒரு ராக் மீனைப் பார்த்தேன். இரண்டரை அடி இருக்கும். வயிறு வெளுத்து மல்லாந்து கிடந்தது. உதட்டில் முள் குத்திய தடம், முதுகில் மஞ்சள் டேக். அதைப் பிய்த்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை அவளிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துக்கொண்டேன், சத்தியமாக.

மறுநாள் கொட்டகைக்குள் நுழைந்தால் வெர்லீன் ஸ்டூலின் மேல் ஏறி நிற்கிறாள். கையில் ஒரு கடிதம். மூன்று வருடம் முன்பு மே மாதத்தில் அவள் விட்ட மீன் ஒன்று, வடக்கே ஐந்நூறு மைலுக்கு அப்பால் பிடிபட்டிருக்கிறது. பிடித்தவனும் அதைத் திருப்பி விட்டுவிட்டானாம்.

"மூணு இஞ்ச் வளந்திருக்காளாம்டீ! இன்னும் அங்க எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கா!"

இருபது பெண்கள் நண்டுக் கத்தியை மேசையில் தட்டினார்கள். யாரோ ஒருத்தி தோத்திரப் பாட்டை எடுத்தாள், எல்லோரும் பாடினார்கள். வெர்லீன் அழுதாள். என் ஏப்ரன் பையில் டேக் இருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்து நீட்டுகிறவள் மனுஷியா? நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு ஆனதும், ஒன்றுதானே, எங்கும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஜூலையும் ஆகஸ்டும், தண்ணீர் கொதிக்கிற வாரங்களில், ஏழெட்டு ஒதுங்கும். டேக் இல்லாதவை வேறு படகுக்காரர்கள் விட்டவை. டேக் இருந்தவை அவளுடையவை. மேயில் ஒன்றும் வராது, அக்டோபரில் ஒன்றும் வராது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வில்பர் கடையில் நின்று சும்மா உளறியது சரியாகத்தான் இருந்தது. அந்த வாய்க்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. டேக்குகளைப் பிய்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். மீனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வீட்டோரத்து அத்தி மரங்களுக்கு அடியில் புதைத்தேன். நான் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பதினோரு கோடை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தி மரங்கள் காய்த்துத் தள்ளின. நான் ஜாம் காய்ச்சுவேன். கிறிஸ்துமஸுக்கு வெர்லீனுக்கு இரண்டு பாட்டில் கொடுப்பேன். "எப்படிடீ உனக்கு மட்டும் இப்படிக் காய்க்குது?" என்று கேட்பாள். நான் கைராசி என்பேன்.

பன்னிரண்டாவது வருடம் டாக்டர் கெஸ்லர் வந்தாள். கல்லூரி ஆராய்ச்சிக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. கோடையில் பிடித்து விடுகிற பெரிய மீன் பிழைக்கிறதா சாகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பிடித்த மீனை ஆற்றுவாயில் ஒரு பெரிய வலைக்கூண்டில் விட்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்களாம். அதற்கு ஒரு படகு வேண்டும் என்றாள். சாமான் கடையில் நின்ற படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ஜூலை வியாபாரத்துக்கு உலை வைக்க வந்திருக்கிறாள் என்று பயம். வெர்லீன் கையைத் தூக்கினாள்.

"எங்க படகுல வாங்க டாக்டரம்மா. விடுறது மட்டும் நான்தான் விடுவேன், வேற யாரும் தொடக் கூடாது. ஒண்ணு செத்தா என்னக் கேளுங்க."

வில்பர் விசிலடித்தான். அன்று மதியம் நண்டு உடைக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"இதெல்லாம் நமக்கு எதுக்குடீ? வேணாம்னு சொல்லிரு."

"ஏன்?"

"வெயில் ஜாஸ்தியா இருக்குமே."

"முப்பது வருஷமா இல்லாத வெயிலா? ஏன் ரீபா, எங்கைமேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

அதுதான் நேரம். வேறு நேரமே கிடையாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேச்சே, உன் கைக்கென்ன" என்றேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஒரு நண்டின் கொடுக்கை உடைத்தேன். என்னைப் போல் கோழை இந்தக் கரையில் இல்லை.

இரண்டு நாளில் இருபது பெரிய மீன் பிடித்தார்கள். தண்ணீர் ஃபாரன்ஹீட்டில் எண்பத்து நாலு டிகிரி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். டாக்டர் கெஸ்லர் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொண்டாள். வெர்லீன் ஒவ்வொன்றையும் மடியில் கிடத்திய பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாளாம். ஒன்றைக்கூடத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவில்லையாம். இருபதும் கட்டைவிரலைக் கடித்தன. இருபதும் வாலை வீசிக்கொண்டு கூண்டின் அடிக்குப் போயின.

முதல் நாள் காலை இரண்டு மிதந்தன. "அது ரெண்டும் முள்ள முழுங்கினது" என்றாள் கொட்டகையில். மறுநாள் காலை இன்னும் ஆறு. அன்று அவள் ஒரு பாட்டுக்கும் வாயசைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளோடு நானும் துறைக்குப் போனேன். கூண்டின் ஓரத்தில் மூன்று கிடந்தன. ஆக மொத்தம் இருபதில் பதினொன்று.

டாக்டர் கெஸ்லர் வெர்லீனின் தோளைத் தொட்டாள்.

"உங்க கையில ஒரு தப்பும் இல்லம்மா. உங்களவிட நல்லா யாராலயும் விட முடியாது. தண்ணிதான் காரணம். மேல ஒரே சூடு, கீழ போனா மூச்சு விடக் காத்தில்ல. போராடிக் களைச்ச பெரிய மீனுக்குப் போக்கிடமே இல்ல."

"ஆனா கடிச்சுதே" என்றாள் வெர்லீன்.

"கடிக்கும். நீந்திப் போகவும் போகும். அதுக்கப்புறம்தான்..."

"மே மாசம்?"

"மே, அக்டோபர்ல எல்லாம் கவலையில்ல. அநேகமா எல்லாமே பொழைக்கும்."

வெர்லீன் தலையாட்டினாள். மிச்சம் இருந்த ஒன்பதை அவளே திறந்து விடட்டும் என்று டாக்டர் கெஸ்லர் கூண்டின் கயிற்றைக் கொடுத்தாள். அவள் வாங்கவில்லை. "நீங்களே விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நெவிட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

வழியில் அவள் கொட்டகைப் பக்கம் திரும்பாமல் என் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

"எறக்கத்துல தண்ணி உன் பக்கம்தானே வரும்?"

"ஆமா."

"உன் கரையில எதாவது ஒதுங்கியிருக்கா ரீபா? நெசத்தச் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். ஆனால் கூண்டில் கிடந்த பதினொன்றைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து அடுப்படி மேசையில் கவிழ்த்தேன். முப்பத்தெட்டு டேக்.

அவள் கத்துவாள், டின்னைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். வண்டிக்குப் போய் நோட்டுகளை எடுத்து வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு டேக்கை எடுத்து எண்ணைப் பார்த்து, நோட்டில் தேடி விரலை வைத்துப் படித்தாள்.

"ஜூலை பதினாலு. முப்பத்தோரு இஞ்ச். நல்லாப் போனா."

அடுத்ததை எடுத்தாள்.

"ஆகஸ்ட் ரெண்டு. இருவத்தொம்பது இஞ்ச். நல்லாப் போனா."

"போதும் வெர்லீன்" என்றேன்.

"ஜூலை இருவத்தேழு. முப்பத்தாறு இஞ்ச். இவள எனக்கு நல்லா நெனவிருக்கு. கால் மணி நேரம் புடிச்சிருந்தேன். நல்லாப் போனா."

முப்பத்தெட்டையும் படித்தாள். படித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அத்தி மரங்களில் இலை தெரியாமல் காய் இருந்தது.

"எங்க போட்ட எல்லாத்தையும்?"

என் கண்ணும் அந்த மரங்களுக்குத்தான் போயிற்று. அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் புறங்கையால் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள்.

"ஏன்டீ சொல்லல?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்."

"வலிக்கட்டுமே! வலிச்சிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன்ல? பதினோரு வருஷம் ரீபா. இது உன் கரைக்கு வந்தது மட்டும்தான். வராதது எத்தன? அவளுங்கள யாரு கொன்னது? நானா, நீயா?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. டேக்குகளை டின்னில் அள்ளிப்போட்டு எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்தெட்டையும் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறாள். கண்டெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள் என்று நெவிட் மூலமாகப் பின்னால் தெரிந்தது. அவனிடம்கூட என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கள்கிழமை அவள் ஸ்டூல் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. முதுகுக்கு அங்கே காற்று வருகிறது என்று மற்றவர்களிடம் சொன்னாள். என்னைப் பார்த்தால் காலை வணக்கம் சொல்வாள், உடம்பு எப்படி இருக்கிறது என்பாள். அந்நியரிடம் பேசுகிற மரியாதை. அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அதன்பின் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர்வரை அவள் படகில் ஏறவில்லை. மேயிலும் அக்டோபரிலும் மட்டும் போவாள். கோடையில் படகைக் கட்டிப் போட்டுவிடு என்று நெவிட்டிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் படகுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டியவன், வேறு ஆளை வைத்துக்கொண்டு போனான். புது ஆள் மீனைத் தூக்கிக் காட்ட, வந்தவர்கள் ஆறு படம் எடுத்தார்கள். மற்ற படகுகளும் போயின. டாக்டர் கெஸ்லரின் அறிக்கை எங்கோ அச்சாகியது. கடையில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஜூலை மாதக் காலைகளில், வேலைக்குப் போகும் முன், வெர்லீன் என் கரைக்கு வர ஆரம்பித்தாள். என் வீட்டு வாசல் வழியாக வராமல், நாணலைச் சுற்றிக்கொண்டு மணல் வழியாக வருவாள். ஒதுங்கிக் கிடக்கும் மீனை அளப்பாள், நோட்டில் எழுதுவாள். அலை எட்டாத மேட்டில் குழி தோண்டிப் புதைப்பாள். டேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் விட்டதானாலும் ஒரே மாதிரிதான். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தி மரங்களை நான் அந்த வருடமே வெட்டிவிட்டேன். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

மூன்றாவது கோடையில் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே காலையில் ஆறு மீன் ஒதுங்கியிருந்தது. அவளுக்கு அறுபத்திரண்டு வயது, முட்டி வலி வேறு. இரண்டு கோப்பை காபி கலந்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனேன். அவள் குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"நகருடீ, நானும் தோண்டுறேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"நீ உள்ள போ ரீபா. உன்ன மாதிரி புதைக்க யாருக்கும் வராது, எனக்குத் தெரியும். எனக்கு அப்படிப் புதைக்க வேணாம்."

காபிக் கோப்பையை மணலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தபோது காபி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, ஈ மொய்த்திருந்தது. அதற்குப் பிறகு ஏழு கோடை அவள் வந்தாள். ஒரு நாளும் என் படியேறவில்லை.